வெற்றிடக் கலத்தில் மரத்துக்குச் சாயமேற்றும்போது வரும் கோளாறுகளும் அவற்றைக் களையும் முறையும்

வீட்டில் செய்த வெற்றிடக் கலத்தை, அதாவது பம்பால் காற்றை உறிஞ்சி எடுக்கும் மூடிய பாத்திரத்தை, கொண்டு மரத்துக்குச் சாயமேற்றுவோர் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை, வெற்றிடம்தான் சாயத்தை மரத்துக்குள் இழுக்கிறது என்ற தவறான எண்ணத்திலிருந்து தொடங்குகின்றன. வெற்றிடத்தின் வேலை, மரத்தின் நுண்குழாய்களிலும் செல் அறைகளிலும் அடைந்திருக்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே. பம்பை நிறுத்தி வால்வைத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விட்ட பிறகுதான், அந்தக் காற்றின் அழுத்தம் கரைசலைக் காலியான இடங்களுக்குள் தள்ளுகிறது. 1838-இல் ஜான் பெத்தெல் காப்புரிமை பெற்ற மரப் பதப்படுத்தும் முறையும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். ஆனால் அதில் வெற்றிடத்துக்குப் பின் மருந்தெண்ணெயை உயர் அழுத்தத்தில் செலுத்துவார்கள். வீட்டுக் கலத்தில் அந்த இரண்டாம் கட்ட அழுத்தம் கிடையாது. நம்மிடம் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தமும் காத்திருக்கும் நேரமும் மட்டுமே.

இன்னொரு கணக்கையும் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 760 மி.மீ. பாதரசம். கலத்தின் கேஜ் (வெளிக்காற்றை விட உள்ளே அழுத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டும் மானி) 500 மி.மீ. வெற்றிடம் காட்டினால், உள்ளே இன்னும் 260 மி.மீ. அழுத்தம் மிச்சம் இருக்கிறது. அதாவது மரத்திலிருந்த காற்றில் ஏறத்தாழ 34 விழுக்காடு வெளியேறவே இல்லை. 700 காட்டும்போது மிச்சம் 8 விழுக்காடாகக் குறைகிறது; 740 காட்டினால் 3 விழுக்காட்டுக்கும் கீழே போகிறது. 500-லிருந்து 700-க்குப் போவதால் கிடைக்கும் லாபம் மிகப் பெரியது. 700-லிருந்து 740-க்குப் போவதால் கிடைப்பது சொற்பம். நீரில் கரைத்த சாயத்துக்கு 700 அளவே சரியான இலக்கு என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்கள் கீழே வரும் அறிகுறிகளிலேயே தெளிவாகும்.

கேஜின் முள் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை

கலம் கசிகிறதா என்ற சோதனையைக் கட்டையோ கரைசலோ இல்லாத, நன்றாக உலர்ந்த கலத்தில்தான் செய்ய வேண்டும். கலத்தில் ஈரம் இருந்தால் அந்த நீர் ஆவியாகி அழுத்தத்தைக் கூட்டும். கசிவே இல்லாத கலமும் கசிவதுபோல் தோன்றும். காலிக் கலத்தில் வெற்றிடம் ஏற்றி, பம்புக்கும் கலத்துக்கும் இடையிலுள்ள வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். முள் அசையாமல் நின்றால் கலம் நன்றாக இருக்கிறது. குறை பம்பிலோ, பம்புக்கு வரும் குழாயிலோதான் இருக்கும். முள் இறங்கினால் கசிவு கலத்தின் பக்கம் இருக்கிறது.

கசிவைத் தேட சோப்பு நுரை பயன்படாது. காற்று உள்நோக்கிச் செல்வதால் குமிழி எழாமல் நுரை உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். அதற்குப் பதிலாக, கெட்டியான கிரீஸை ஒவ்வோர் இணைப்பின் மீதும் வரிசையாகத் தடவிப் பாருங்கள். எந்த இடத்தில் தடவியதும் முள் இறங்குவது நிற்கிறதோ அதுவே கசியும் இடம். மூடியின் விளிம்பில் படிந்த மரத்தூள், கேஸ்கெட்டில் விழுந்த மடிப்பு, டெஃப்லான் டேப் சுற்றாத மரை ஆகிய மூன்றும்தான் வழக்கமான காரணங்கள். பம்பைத் தொடங்கும்போது மூடியைக் கையால் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் கேஸ்கெட் சரியாகப் படிந்துகொள்ளும்.

எந்தக் கசிவும் இல்லாமலேயே முள் ஏறாதிருப்பதற்கு, நீங்கள் வசிக்கும் இடத்தின் உயரமும் காரணமாகலாம். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தமே சுமார் 634 மி.மீ.தான். அங்கே எவ்வளவு நல்ல பம்பானாலும் கேஜ் அந்த எண்ணைத் தாண்டாது. அத்தகைய இடங்களில் 700 என்ற எண்ணைத் துரத்தாமல், உங்கள் ஊரின் வளிமண்டல அழுத்தத்திலிருந்து 60-ஐக் கழித்து வரும் எண்ணை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியில் சத்தம் கேட்கிறது, அல்லது மயிரிழைக் கீறல்கள் தெரிகின்றன

உடனே காற்றை உள்ளே விட்டு வேலையை நிறுத்துங்கள். 25 செ.மீ. விட்டமுள்ள மூடியின் மேல் முழு வெற்றிடத்தில் ஏறத்தாழ 500 கிலோ எடைக்கு நிகரான விசை இறங்குகிறது. கேஜின் முள் ஏற ஏற மூடி குழிவது கண்ணுக்குத் தெரிந்தால் அதன் தடிமன் போதாது. அக்ரிலிக் மூடியில் கீறல்கள் வலைபோலப் பரவியிருந்தால், அதை ஆல்கஹாலால் துடைத்ததோ சாயத்தில் ஆல்கஹால் கலந்ததோ காரணமாக இருக்கும். அந்த மூடியைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். வெற்றிடத்துக்கென்று செய்யப்படாத கண்ணாடிச் சாடிகளையும் பாட்டில்களையும் இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. அவை உள்நோக்கி நொறுங்கும்போது சில்லுகள் வெளியே தெறிக்கும்.

ஆல்கஹால் பற்றி இங்கேயே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எத்தனாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் அறை வெப்பநிலையிலேயே எரியக்கூடிய ஆவியைத் தருபவை. வெற்றிடத்தில் அந்த ஆவி பம்பு வழியாக வெளியேறி, தீப்பொறி எழக்கூடிய மோட்டாரின் அருகிலேயே சூழ்ந்து நிற்கும். ஆல்கஹாலில் கரைத்த சாயத்தை வீட்டுக் கலத்தில் ஏற்ற வேண்டாம். நீரில் கரையும் சாயத்தையே பயன்படுத்துங்கள்.

குமிழிகள் நிற்கவே இல்லை

குமிழி நின்ற பிறகு காற்றை விட வேண்டும் என்ற அறிவுரையைப் பின்பற்றி, நாள் முழுவதும் பம்பை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பலர். அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் மரத்திலிருந்து வரும் காற்றை அன்று, கொதிக்கும் நீரை. 30 டிகிரி செல்சியஸில் நீரின் ஆவி அழுத்தம் சுமார் 32 மி.மீ. ஆகவே கேஜ் 728-ஐ எட்டும்போது, தொட்டால் சூடே தெரியாத கரைசல் கொதிக்கத் தொடங்கிவிடும். மரத்தில் துளிக் காற்றும் இல்லாவிட்டாலும் அது கொதித்துக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். மரத்துக் காற்று, கட்டையின் வெட்டுமுகத்திலுள்ள துளைகளிலிருந்து மெல்லிய சரங்களாக எழும். அதே துளைகளிலிருந்தே தொடர்ந்து எழும். நேரம் போகப்போகச் சரங்கள் மெலிந்து ஒவ்வொன்றாக நிற்கும். கொதிநீர்க் குமிழிகளோ பெரியவை. கலத்தின் சுவர், எடைக்கட்டி, கட்டையின் பக்கவாட்டு என்று எங்கிருந்தும் திடீரெனக் கிளம்பி மேலே வந்து உடையும். ஐயம் இருந்தால் காற்று விடும் வால்வை இம்மியளவு திறந்து முள்ளை முப்பது மி.மீ. இறக்குங்கள். கொதிப்பானால் அந்த நொடியே அடங்கிவிடும். மரத்துக் காற்றானால் அதன் பிறகும் ஓரளவு எழும்பிக்கொண்டிருக்கும்.

700 மி.மீ. இலக்கின் பயன் இங்கேதான் தெரிகிறது. அந்த அழுத்தத்தில் நீர் கொதிக்க ஏறத்தாழ 41 டிகிரி வெப்பம் தேவை. கரைசல் 30 டிகிரியில் இருக்கும்வரை நீங்கள் காணும் குமிழி எதுவாயினும் அது காற்றேதான், எனவே அது குறைவதை நம்பி நேரத்தைத் தீர்மானிக்கலாம். ஓவனிலிருந்து எடுத்த கட்டையைச் சூடு ஆறாமல் கரைசலில் போட்டால், அதைச் சுற்றியுள்ள நீர் மட்டும் கொதித்து இந்தக் கணக்கைக் குலைத்துவிடும். கட்டையை மூடிய பெட்டியில் முழுக்க ஆறவைத்த பிறகே போட வேண்டும்.

நுரை பொங்கிப் பம்பை நோக்கிப் போகிறது; பம்பின் எண்ணெய் வெளுத்துவிட்டது

வேகமாக வெற்றிடம் ஏற்றினால் முதல் சில நிமிடங்களில் கரைசல் பால் பொங்குவதுபோல் எழும்பும். கலத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் கரைசல் ஊற்ற வேண்டாம். காற்று விடும் வால்வைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு முள்ளைப் படிப்படியாக ஏற்றுங்கள். கலத்துக்கும் பம்புக்கும் நடுவே வெற்றிடத்தைத் தாங்கும் ஒரு காலிக் கலத்தை இணைத்தால், தப்பி வரும் கரைசல் அதில் தங்கிவிடும். சலவைத்தூள் கலந்த சாயமோ சோப்புத்தன்மையுள்ள சாயமோ இந்தச் சிக்கலை இரட்டிப்பாக்கும்.

எண்ணெய் பாலாடை நிறத்துக்கு மாறியிருந்தால், நீராவி எண்ணெயில் கலந்துவிட்டது என்று பொருள். அந்த எண்ணெயுடன் பம்பு ஆழமான வெற்றிடம் தராது. உட்பகுதிகள் துருப்பிடிக்கவும் தொடங்கும். கேஸ் பாலாஸ்ட் வால்வு (பம்புக்குள் சிறிது காற்றை விட்டு நீராவியை வெளியேற்ற உதவும் வால்வு) உள்ள பம்பானால் அதைத் திறந்து, கலத்தை இணைக்காமல் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். தெளியாவிட்டால் எண்ணெயை மாற்றிவிடுங்கள். பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்பிரசரைப் பம்பாகப் பயன்படுத்துவோர் நீர்க்கரைசலைக் கொதிக்கவிடாமல் இருப்பதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் எண்ணெயை எளிதில் மாற்ற முடியாது.

வெளியே நிறம் நன்றாக இருக்கிறது, அறுத்தால் நடுப்பகுதி வெளுப்பாக இருக்கிறது

இதுவே எல்லோரையும் வாட்டும் குறை. இதற்குக் காரணங்கள் பல என்பதால் ஊகித்துச் சரிசெய்ய முயல்வது வீண். ஒரு தராசு இருந்தால் பாதி வழி கடந்துவிடலாம்.

மரத்தின் செல் சுவர்ப் பொருளின் அடர்த்தி எந்த மரமானாலும் கன செ.மீ.க்கு ஏறத்தாழ 1.5 கிராம். ஆகவே 5 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரமுள்ள, 100 கன செ.மீ. கட்டை உலர்ந்த நிலையில் 60 கிராம் இருந்தால், அதில் கெட்டிப்பொருள் சுமார் 40 கன செ.மீ.; மீதி 60 கன செ.மீ. காலியிடம். சாயத்தில் ஊறி எழுந்த கட்டையைத் துடைத்து நிறுத்தால் 120 கிராம் அளவுக்கு வர வேண்டும். நீர் செல் சுவருக்குள்ளும் புகுந்து மரத்தை உப்பவைப்பதால் அதற்கு மேலும் போகலாம். இந்த எண்ணைப் போட்டு வைத்துக்கொண்டு உங்கள் கட்டையை நிறுத்துப் பாருங்கள்.

எடை குறைவாக, எடுத்துக்காட்டாக 85 கிராம் மட்டுமே, இருந்தால் மரத்துக்குள் கரைசலே போகவில்லை. முதலில் பார்க்க வேண்டியது கட்டை முழு நேரமும் மூழ்கியிருந்ததா என்பது. உலர்ந்த மரம் மிதக்கும். அதை எடைகட்டி அமிழ்த்தியிருப்பீர்கள். ஆனால் காற்றை விட்டதும் கட்டை கரைசலை மளமளவென்று குடிக்கும், கரைசலின் மட்டம் இறங்கும். கட்டையின் ஒரு மூலை வெளியே தலைகாட்டினால் போதும், அந்த முகத்தின் வழியாகக் கரைசலுக்குப் பதில் காற்று உள்ளே புகுந்துவிடும். கட்டைக்கு மேல் குறைந்தது மூன்று நான்கு செ.மீ. கரைசல் நிற்க வேண்டும். காற்று விட்டதும் அதை மறுபடி பார்க்கவும் வேண்டும்.

மூழ்கித்தான் இருந்தது என்றால் அடுத்த ஐயம் நேரம். மெல்லிய வெனீர் தகடுகள் விரைவில் காற்றை விட்டுவிடும். கனமான கட்டைக்குப் பல மணி நேரம் பிடிக்கும். வெற்றிடத்தில் வைக்கும் நேரத்தை விட, காற்று விட்ட பிறகு ஊறவிடும் நேரம் அதிகமாக இருப்பதே நல்லது. பெரிய கட்டையை இரவு முழுவதும் கரைசலிலேயே விட்டுவிடுங்கள். மறுநாள் எடை போதாவிட்டால் வெற்றிடமும் ஊறலுமாக இன்னொரு சுற்று போகலாம்.

இத்தனையும் செய்தும் எடை ஏறவில்லை என்றால், அந்த மரத்தின் வழி அடைபட்டிருக்கிறது. வைரம் பாய்ந்த பகுதியில் நுண்குழாய்கள் பிசினாலும் டைலோஸ் எனும் வளர்ச்சிகளாலும் மூடிக்கிடக்கும். செந்நிற ஓக்கின் குழாய்கள் திறந்திருப்பதும், வெள்ளை ஓக்கின் குழாய்கள் அடைபட்டிருப்பதும் இதற்கு நல்ல சான்று. வெள்ளை ஓக்கில் திரவங்களுக்கான பீப்பாய்கள் செய்வதும் இதனால்தான். பைன் போன்ற ஊசியிலை மரங்களில், செல்களுக்கிடையிலான வாயில்கள் மரம் உலரும்போதே சாத்திக்கொள்ளும். இவற்றோடு போராடுவதில் பயன் குறைவு. வைரத்தை ஒதுக்கி, வெளிறிய வெளிப்புற மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அல்லது மேப்பிள், பிர்ச் போன்ற வெளிர் மரங்களுக்கு மாறுங்கள். திரவம் மரத்தில் நாரோட்டத்தின் வழியே செல்வதுபோல் குறுக்கே செல்வதில்லை என்பதால், நீளத்தைக் குறைத்து அறுப்பதே மிகப் பெரிய உதவி. இரு முனைகளில் மட்டும் நிறம் ஏறி நடுவில் நின்றுவிட்ட நீளக் கட்டை இதையே சொல்கிறது.

இனி, எடை முழுதாக ஏறியும் நடுப்பகுதி வெளுப்பாக இருந்தால், அது முற்றிலும் வேறு நோய். நீர் உள்ளே போய்விட்டது, சாயம் மட்டும் வழியிலேயே தங்கிவிட்டது. நிறமித் துகள்கள் கலந்த பூச்சுகளில் இது நிச்சயம் நடக்கும், ஏனெனில் செல் வாயில்களின் சவ்வு துகள்களை வடிகட்டிவிடும். ஆகவே முழுக்கக் கரையும் சாயமே வேண்டும். கரையும் சாயத்திலும் மரத்தோடு ஒட்டும் குணம் அதிகமாக உள்ளவை முதல் சில மி.மீ. ஆழத்திலேயே பிடித்துக்கொள்ளும். பேசிக் எனப்படும் வகைச் சாயங்கள் மரத்தை இறுக்கும் லிக்னினோடும், டைரக்ட் வகைச் சாயங்கள் மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸோடும் அப்படி ஒட்டுகின்றன. துணிக்கென விற்கும் பொதுச் சாயப் பொட்டலங்களில் டைரக்ட் சாயத்தோடு உப்பும் கலந்திருப்பது வழக்கம்; உப்பு அந்த ஒட்டுதலை இன்னும் கூட்டும். ஆசிட் வகைச் சாயங்களும், மூலக்கூறில் உலோக அணு பிணைந்த உலோகக் கலவைச் சாயங்களும் இந்த வேலைக்கு ஏற்றவை.

நடுப்பகுதி வெளுப்பாக இல்லாமல் வேறு நிறத்தில் இருந்தாலும் காரணம் இதுவே. பல சாயங்களைக் கலந்து செய்த பச்சையில் நீலம் வெளியே நின்று மஞ்சள் மட்டும் உள்ளே போவது உண்டு. ஒரே சாயத்தாலான நிறங்களைத் தேர்ந்தெடுத்தால் இது நேராது. சாயத்தின் ஒரு துளியை ஈரமான வடிதாளின் மேல் விட்டுப் பார்த்தால், அது பிரிந்து வளையங்களாகப் பரவுகிறதா என்பது கட்டையை வீணாக்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கரும்புள்ளிகளும் கறுத்த கோடுகளும்

கட்டையை அமிழ்த்த இரும்பு எடையையோ ஆணியையோ பயன்படுத்தினீர்களா என்று பாருங்கள். மரத்திலுள்ள டானினும் இரும்பும் சேர்ந்தால் நீலங்கலந்த கருமை உண்டாகும். இரும்புச்சத்துள்ள குழாய்நீரும் இதைச் செய்யும். துருப்பிடிக்காத எஃகு எடையும் காய்ச்சி வடித்த நீரும் போதிய மருந்து. ஏற்கனவே படிந்த கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசல் போக்கும்; அது நஞ்சு என்பதால் கையுறை அணிந்து தடவி, பின்பு மரத்தை நன்றாகக் கழுவ வேண்டும். அந்த அமிலம் சில சாயங்களின் நிறத்தையும் மாற்றக்கூடும் என்பதால் ஒரு துண்டில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

உலர்ந்த பின் முனைகள் கறுத்து, உடல் வெளிறிவிட்டது; அல்லது வெடித்துவிட்டது

கரைசலிலிருந்து எடுக்கும்போது சீராக இருந்த நிறம் உலரும்போது மாறுவதற்குக் காரணம், நீர் எந்த முகத்தின் வழியாக வேகமாக ஆவியாகிறதோ அந்த முகத்துக்குச் சாயத்தையும் சுமந்து செல்வதுதான். வெட்டுமுகங்களில் அந்த ஓட்டம் அதிகம். இரு முனைகளிலும் மெழுகு பூசி, மூடிய அட்டைப்பெட்டியில் காற்றோட்டத்தைக் குறைத்து, நாள்கணக்கில் மெதுவாக உலர்த்துங்கள். ஈரக்கட்டையை ஓவனில் வைத்து அவசரப்படுத்தினால் நிறம் ஓடுவதோடு வெடிப்பும் வரும். வெளித்தோல் சுருங்கும்போது உள்ளே ஈரம் நிற்பதால் வரும் விரிசல் அது. வெனீர் தகடுகளை உறிஞ்சும் தாள்களுக்கிடையில் அடுக்கி, மேலே தட்டையான பலகையும் எடையும் வைத்து, தாளை அடிக்கடி மாற்றினால் நெளியாமல் உலரும். இறுதி அளவுக்கு மேல் ஓரிரு மி.மீ. கூடுதலாக விட்டுச் சாயமேற்றி, உலர்ந்த பின் மேற்பரப்பை இழைத்து எடுத்துவிடுவதையே நான் விரும்புவேன். நிறம் உள்ளேயும் இருக்கும்போது மேல்தோலைக் காப்பாற்ற வேண்டிய தேவை இல்லை.

ரெசின் கெட்டிப்படாமல் பிசுபிசுப்பாக நிற்கிறது

நீர்ச்சாயத்துக்கு, காற்றில் நன்றாக உலர்ந்த, 12 விழுக்காட்டுக்குக் கீழான ஈரமுள்ள கட்டையே போதும்; செல் அறைகளிலுள்ள நீர் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நிலையிலேயே வெளியேறியிருக்கும். நீர்ச்சாயத்துக்குப் பதிலாக இதே கலத்தில் சிலர் ஏற்றும், நிறமூட்டிய, வெப்பத்தில் கெட்டிப்படும் ரெசினுக்கு (செயற்கைப் பிசினுக்கு) அது போதவே போதாது. செல் சுவரிலுள்ள ஈரமே ரெசினைக் கெட்டிப்படவிடாமல் தடுத்துவிடும். கட்டையை 103 டிகிரி அளவில் வைத்து, அடுத்தடுத்த எடைகள் மாறாமல் வரும்வரை உலர்த்தி, ஈரம் புகாத பையில் ஆறவைத்த பிறகே ரெசினில் போடுங்கள். ரெசினுக்கு நிறம் சேர்க்க, அந்த ரெசினுக்கென்றே தயாரிக்கப்பட்ட சாயம்தான் வேண்டும். நீர்ச்சாயத்தைக் கலந்தால் நீங்களே ஈரத்தைச் சேர்த்ததாகும். ஓவனின் குமிழில் உள்ள எண்ணை நம்பாமல் தனி வெப்பமானியை உள்ளே வைத்து, கட்டையின் நடுப்பகுதிக்கும் வெப்பம் சென்றடையும் அளவு நேரம் கொடுங்கள்.

மெருகு பூசும்போது சாயம் கரைந்து வருகிறது

சாயத்தைக் கரைக்கும் திரவமே மெருகிலும் இருந்தால் நிறம் எழும்பித்தான் வரும். நீர்ச்சாயத்தின் மேல் நீர் கலந்த வார்னிஷைப் பூசினாலும், ஆல்கஹாலிலும் கரையும் உலோகக் கலவைச் சாயத்தின் மேல் ஆல்கஹாலில் கரைத்த அரக்கு மெருகை ஏற்றினாலும் துணியெல்லாம் நிறமாகும். நீரில் மட்டும் கரையும் சாயத்துக்கு அரக்கு மெருகும், உலோகக் கலவைச் சாயத்துக்கு எண்ணெய் வார்னிஷும் பொருந்தும். மெருகு ஏற்றுவதற்கு முன், உலர்ந்த கட்டையின் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டாமல் தங்கியிருக்கும் சாயத்தூளை ஈரத்துணியால் துடைத்து, மறுபடி உலரவிடுங்கள். மெருகுக்குள் பாதுகாப்பாக இருக்கும் நிறமும் சில மாதங்களில் மங்குகிறது என்றால், குற்றம் சாய வகையிலும் வெயிலிலும் இருக்கிறது. பேசிக் சாயங்கள் ஒளியில் விரைவில் வெளுக்கும், உலோகக் கலவைச் சாயங்கள் நெடுநாள் தாங்கும். சன்னலோரம் வைக்கப் போகும் பொருளுக்குத் தொடக்கத்திலேயே உலோகக் கலவைச் சாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.